முழங்கைக் கோணலுக்குக் கோட் போடுவது: யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கோடிங் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை மரத்தில் ஏறி விழுந்தது, கை முறிந்தது, எலும்பு பொருந்தியது, ஆனால் கோணலாகப் பொருந்தியது. வைத்தியர் இதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த வரிக்குச் சரியான கோட் (நோயைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த குறியீடு) போட நீங்கள் குறைந்தது மூன்று அத்தியாயங்களைப் புரட்ட வேண்டும். பிறவியில் வராமல் பின்னால் ஏற்பட்ட முழங்கைக் கோணலில் புதியவர்கள் தடுமாறுவது கோட்டைத் தேடத் தெரியாததால் அல்ல. நோயாளியின் மருத்துவக் குறிப்பான சார்ட்டில் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பது தெரியாததால்தான். எனவே இந்தக் கட்டுரையில் கோட்டை விடச் சார்ட்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்கச் சார்ட்டுகளுக்கு வேலை செய்யப் போகிறவர்களுக்கே இது முதன்மையாக எழுதப்பட்டது. இங்குள்ள வைத்தியசாலைகளின் ஆவணப் பிரிவில் இருப்பவர்களுக்கு 9ஆம் படி தனியாக இருக்கிறது. கீழே எம், எஸ், ஜி, டபிள்யூ என்று தொடங்கும் கோட்களில் உள்ள எழுத்துகளைத் திரையில் ஆங்கில எழுத்துகளாகவே தட்ட வேண்டும்.

1. எந்தப் புத்தகம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

நோய்களின் சர்வதேச வகைப்பாடான ஐசிடி-10 என்ற பெயரில் இரண்டு தொகுதிகள் உங்கள் கைக்கு வரும். ஒன்று உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10. இலங்கை அரச வைத்தியசாலைகளின் உள்நோயாளர் புள்ளிவிபரம் அதில்தான் போகிறது. மற்றது அமெரிக்காவுக்காக விரிக்கப்பட்ட ஐசிடி-10-சிஎம். முதல் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆபத்து அங்கேதான்.

எம்21.12 என்ற கோட்டைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் தொகுதியில் எம்21.1 என்பது வேரஸ் கோணல், அதாவது உள்ளே திரும்பிய கோணல் (3ஆம் படியில் விளக்கம் உண்டு). அதன் பின் வரும் 2 விருப்பத்துக்குச் சேர்க்கும் இடக் குறி. மேற்கை (தோளில் இருந்து முழங்கை வரையான பகுதி) எலும்பும் முழங்கை மூட்டும் அதற்குள் அடங்கும். அங்கே அது முழுமையான கோட். சிஎம் தொகுதியில் அதே எம்21.12 முழங்கையின் வேரஸ் கோணலைக் குறிக்கும், ஆனால் முழுமையான கோட் அல்ல. வலமா இடமா என்று சொல்லும் ஆறாவது இலக்கம் இல்லாமல் அனுப்பினால் கிளெய்ம் (காப்புறுதியிடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) செல்லாது. கூகுளில் தேடி முதலில் வந்த பக்கத்தில் இருந்து கோட்டை எடுப்பவர்கள் விழும் குழி இது. பக்கத்தின் மேலே எந்தத் தொகுதி, எந்த ஆண்டு என்று பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

2. ஆண்டும் செலவும்

ஐசிடி-10-சிஎம் கோட் பட்டியல், நோய்ப் பெயர்களின் அகரவரிசை, அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகள் மூன்றையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தளத்தில் இருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். இவற்றுக்குப் பணம் கேட்கும் வகுப்புகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சிபிடி எனப்படும் சிகிச்சைக் கோட் புத்தகம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமையில் இருப்பதால் அதை வாங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பதிப்பு வரும். பழைய பதிப்பின் நகலை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கினால் அது பயிற்சிக்கு மட்டுமே உதவும், வேலைக்கு உதவாது.

ஐசிடி-10-சிஎம் ஆண்டு ஒக்டோபர் 1இல் தொடங்குகிறது, ஏப்ரல் 1இலும் திருத்தங்கள் வரலாம். சிபிடி ஆண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. எந்த ஆண்டின் புத்தகம் என்பதை நோயாளி பார்க்கப்பட்ட நாள்தான் தீர்மானிக்கும். நீங்கள் கோட் போடும் நாளுக்கு அதில் வேலை இல்லை. செப்டெம்பர் 30இல் பார்க்கப்பட்ட வெளிநோயாளரின் சார்ட் ஒக்டோபர் 3இல் உங்கள் திரைக்கு வந்தால் பழைய ஆண்டின் கோட்தான். ஒக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு ஆண்டுகளின் பட்டியலும் மேசையில் திறந்திருக்க வேண்டும்.

சிபிசி எனப்படும் கோடர் தகுதிப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு: 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் சித்தி. புத்தகம் திறந்து வைத்து எழுதும் பரீட்சை. அதனால் நினைவாற்றலை விடப் பக்கத்தைப் புரட்டும் வேகமே முக்கியம். கட்டணம் டொலரில் அறவிடப்படும். வங்கி அட்டையின் மாற்று வீதத்தையும் வங்கி எடுக்கும் கழிவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வீட்டில் இருந்து இணையவழியில் எழுதுவதென்றால் யுபிஎஸ் ஒன்றும், ரவுட்டர் நின்றால் மாற்ற இரண்டாவது இணைய இணைப்பும் தயாராக இருக்கட்டும்.

3. சார்ட்டில் நான்கு விடயங்களைத் தேடுங்கள்

கோட் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்: கோணல் எந்தத் திசை, எந்தக் கை, எதனால் வந்தது, இப்போது வேறு என்ன பாதிப்பு.

திசையைப் புரிந்துகொள்ள எழுந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு உள்ளங்கைகளை முன்னே காட்டுங்கள். முழங்கைக்குக் கீழே கை உடம்பை விட்டுச் சற்று வெளியே விலகிப் போவதைக் காண்பீர்கள். தூக்குக் கோணம் என்பது இதுதான். சாதாரணமாக 5 முதல் 15 பாகை வரை இருக்கும். பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இந்த விலகல் அளவுக்கு மீறினால் அது கியூபிடஸ் வல்கஸ். விலகல் இல்லாமல் போய், கீழ்க்கை உடம்பை நோக்கி உள்ளே திரும்பினால் கியூபிடஸ் வேரஸ். துப்பாக்கியின் அடிக்கட்டை போன்ற வளைவு என்று வைத்தியர்கள் எழுதுவதும் வேரஸைத்தான். எது எது என்று குழம்பினால் ‘வல்கஸ் விலகும்’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை மடங்கிய கோணல். கை பக்கவாட்டில் சாயாது, ஆனால் முழுவதும் நீளாது.

இங்கே ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. ‘தூக்குக் கோணம் மறை 15’ என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் அது வேரஸ் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நீங்களாக வேரஸ் கோட்டைப் போடக் கூடாது. நோயின் பெயரை எழுத வேண்டியவர் வைத்தியர். அளவைப் பார்த்து நோயை முடிவு செய்வது கோடரின் வேலை அல்ல.

எந்தக் கை என்பதில் ஒரு சலுகை உண்டு. சிகிச்சை செய்யும் வைத்தியர் வலமா இடமா என்று எழுதாமல் விட்டால், அதே கோவையில் மற்ற மருத்துவப் பணியாளர் எழுதியதைப் பார்த்துப் பக்கத்தைத் தீர்மானிக்க வழிகாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் வைத்தியர் இடது என்றும் எக்ஸ்ரே அறிக்கை வலது என்றும் சொன்னால் எது சரி என்று ஊகிக்காதீர்கள். அந்த இடத்தில் வேலையை நிறுத்தி 7ஆம் படிக்குப் போங்கள்.

வெளிநோயாளர் சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘கேள்விக்குறி’ என்று எழுதப்பட்ட நோய்க்குக் கோட் போடக் கூடாது. அதற்குப் பதிலாக அறிகுறிக்குப் போடுங்கள். உள்நோயாளருக்கு விதி வேறு: வெளியேறும் வேளையிலும் அந்தச் சந்தேகம் நோயாகவே எழுதப்பட்டிருந்தால், இருப்பதாகக் கொண்டு கோட் போடலாம்.

4. கோணலுக்கான கோட்

சிஎம் தொகுதியில் முழங்கை வல்கஸ் எம்21.02, வேரஸ் எம்21.12, மடங்கிய கோணல் எம்21.22. ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கம் 1 என்றால் வலது, 2 என்றால் இடது, 9 என்றால் பக்கம் குறிப்பிடவில்லை. ஆக இடது முழங்கை வேரஸ் எம்21.122. இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஒரு கோட் இங்கே கிடையாது. இரண்டும் கோணலென்றால் எம்21.121, எம்21.122 இரண்டையும் போட வேண்டும். 9இல் முடிவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்திருங்கள். ஒரு கையைக் கண்ணால் பார்த்து, தொட்டு, அளந்த வைத்தியருக்கு அது எந்தக் கை என்று தெரியாதா என்று காப்புறுதி நிறுவனம் கேட்பது நியாயம்தான்.

வைத்தியர் ‘முழங்கைக் கோணல்’ என்று மட்டும் எழுதித் திசையைச் சொல்லவில்லை என்றால் அகரவரிசை உங்களை மேற்கைக்கு அனுப்பும். எம்21.92 வரிசை, அதாவது குறிப்பிடப்படாத மேற்கைக் கோணல். முழங்கை என்று தேடி மேற்கை வந்துவிட்டதே என்று பதறாதீர்கள், அமைப்பே அப்படித்தான். ஆனால் இந்தக் கோட்டுடன் சத்திரசிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்னனுமதி கேட்டால் தாமதம் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திசையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

மடங்கிய கோணலில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கை நீளவில்லை என்பதை வைத்தியர்கள் நான்கு விதமாக எழுதுவார்கள், நான்குக்கும் நான்கு இடம். மடங்கிய கோணல் என்றால் எம்21.22. மூட்டுச் சுருக்கம் என்றால் எம்24.52. மூட்டு ஒட்டி அசைவே இல்லை என்றால் எம்24.62. வெறும் விறைப்பு என்றால் எம்25.62. இவற்றில் விறைப்பைச் சுருக்கத்துடனோ ஒட்டலுடனோ சேர்த்துப் போட முடியாது, எம்25.6இன் கீழ் உள்ள முதலாம் விலக்குக் குறிப்பு அதைத் தடுக்கிறது. நடைமுறையில் அதிகம் காண்பது இதுதான்: வைத்தியர் முதற்பந்தியில் விறைப்பு என்றும் முடிவில் சுருக்கம் என்றும் எழுதியிருப்பார், புதியவர் இரண்டையும் போட்டுவிடுவார். முடிவில் உள்ள நோயை எடுங்கள்.

பிறவிக் கோணலுக்கு எம்21 பக்கமே வரக் கூடாது. பிறவி கியூபிடஸ் வல்கஸ், வேரஸ் இரண்டும் கியூ68.8க்குப் போகும். ‘பிறவி’ என்ற சொல் சார்ட்டில் இல்லையென்றால் அகரவரிசை அதைப் பின்னால் வந்ததாகவே கொள்ளும். நோயாளி சிறு பிள்ளை என்பதால் பிறவி என்று நினைத்துவிடாதீர்கள். சிறுவர்களின் முழங்கை வேரஸுக்கு வழமையான காரணமே மேற்கை எலும்பின் கீழ்முனை முறிவுதான்.

5. காரணத்துக்கான கோட்: பியா, எஸ்ஸா

இதில்தான் கிளெய்ம்கள் அதிகம் திரும்பி வருகின்றன. நிதானமாகப் படியுங்கள்.

மேற்கை எலும்பில் முழங்கைக்குச் சற்று மேலே வரும் சுப்ராகொண்டைலர் முறிவின் கோட் எஸ்42.41 வரிசையில் இருக்கிறது. இடம் விலகிய முறிவு வலக்கையில் எஸ்42.411, இடக்கையில் எஸ்42.412. இடம் விலகாதது வலக்கையில் எஸ்42.414, இடக்கையில் எஸ்42.415. வைத்தியர் விலகியதா இல்லையா என்று எழுதவில்லை என்றால் விலகியதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஏழாவது எழுத்துதான் கதையைச் சொல்லும்: ஏ என்றால் முதற்கட்டச் சிகிச்சை நடக்கிறது, டி (டொக்டரின் முதல் எழுத்து) என்றால் வழமையாக ஆறி வருகிறது, ஜி தாமதமாக ஆறுகிறது, கே பொருந்தவில்லை, பி (பிளாஸ்டரின் முதல் எழுத்து) கோணலாகப் பொருந்தியது, எஸ் பழைய முறிவு விட்டுப்போன எச்சம்.

பிக்கும் எஸ்ஸுக்கும் என்ன வேறுபாடு? கோணலாகப் பொருந்திய முறிவையே இப்போதைய பிரச்சினையாக வைத்தியர் எழுதி அதற்குச் சிகிச்சை செய்தால் பி. முறிவு ஆறி முடிந்து, இப்போது பார்ப்பது அது விட்டுப்போன கோணலை என்றால் எஸ். எச்சத்துக்குக் காலக்கெடு இல்லை: ஆறு மாதத்தில் வந்தாலும் ஆறு வருடத்தில் வந்தாலும் எச்சம்தான். எஸ் போடும்போது இரண்டு கோட்கள் வேண்டும், வரிசையும் மாறக் கூடாது. கோணல் முதலில், முறிவு இரண்டாவதில். எஸ்ஸில் முடியும் முறிவுக் கோட்டை முதலிடத்தில் வைத்து அனுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதற்பிழை. ஒரே சந்திப்பில் அதே முறிவைப் பியிலும் எஸ்ஸிலும் போடுவது அடுத்த பிழை.

சார்ட்டில் இரண்டு விதமாகவும் எழுதியிருந்தால்? அப்படி எழுதுவார்கள். முதல் வரியில் ‘கோணலாகப் பொருந்திய முறிவு’, திட்டத்தில் ‘பழைய முறிவால் வந்த கியூபிடஸ் வேரஸைத் திருத்தல்’ என்று இருக்கும். இது உங்களுடைய தீர்ப்புக்குரியது அல்ல, கேட்க வேண்டியது.

முறிவு எந்த வகை என்றே தெரியாத சார்ட்டுகளும் வரும். நம் ஊரில் முறிவு நெறிவு வைத்தியரிடம் பத்துப் போட்டுக் கட்டிய கைக்கு அன்றைய எக்ஸ்ரே இருக்காது அல்லவா, அதே நிலைதான். வேறு நாட்டில் சிகிச்சை பெற்று அமெரிக்கா போன பிள்ளைகளின் சார்ட்டில் ‘சிறு வயதில் முழங்கை முறிவு’ என்பதைத் தவிர எதுவும் இருக்காது. அப்படியானால் எஸ்42.40 வரிசை, அதாவது மேற்கைக் கீழ்முனையின் குறிப்பிடப்படாத முறிவு. வலக்கைக்கு எஸ்42.401எஸ், இடக்கைக்கு எஸ்42.402எஸ். பிள்ளை, விழுந்தது, வேரஸ் என்று மூன்றும் பொருந்துவதால் சுப்ராகொண்டைலர் என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

முறிவல்லாத காரணமும் உண்டு. ரிக்கெட்ஸ் நோயின் எச்சமாக வந்த கோணல் என்றால் கோணல் முதலில், ஈ64.3 இரண்டாவதில்.

எப்படி விழுந்தது என்பதற்கு 20ஆம் அத்தியாயத்தில் கோட் உண்டு. மரத்தில் இருந்து விழுந்தது டபிள்யூ14. அதன் பின் மூன்று எக்ஸ், ஏழாவதில் எஸ். எச்சத்துக்குப் போடும் புறக்காரணக் கோட்டிலும் ஏழாவது எழுத்து எஸ்தான். ஆனால் விழுந்த இடத்துக்கான ஒய்92, செய்துகொண்டிருந்த வேலைக்கான ஒய்93 இரண்டையும் முதற்சிகிச்சையின்போது ஒரு தடவை மட்டுமே போட வேண்டும். மூன்று வருடத்துக்குப் பின் வந்த சார்ட்டில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

6. நரம்பை விட்டுவிடாதீர்கள்

முழங்கையின் உட்பக்கத்தில் இடித்தால் மின்சாரம் பாய்ந்தது போல் சிறுவிரல் வரை சுண்டுமே, அதுதான் உல்நார் நரம்பு. வல்கஸ் கோணலில் இந்த நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு மெல்லச் செயலிழக்கும். மேற்கை எலும்பின் கீழ்முனையில் வெளிப்பக்கமுள்ள குமிழ் (கொண்டை) முறிந்து பொருந்தாமல் விட்டவர்களுக்கு வல்கஸ் வருவதும், பல வருடம் கழித்துச் சிறுவிரல் மரப்பதும் நன்கு அறியப்பட்ட வரிசை. பிந்திய உல்நார் நரம்பு வாதம் என்று வைத்தியர் எழுதியிருந்தால் ஜி56.2 வரிசை: வலது ஜி56.21, இடது ஜி56.22, இரண்டும் என்றால் ஜி56.23. இங்கே இரண்டு கைக்கும் ஒரே கோட் உண்டு என்பதையும், குறிப்பிடாதது 9இல் அல்லாமல் 0இல் முடிவதையும் கவனியுங்கள். எம்21 வரிசையின் பழக்கத்தில் ஜி56.29 என்று தட்டினால் அப்படியொரு கோட் கிடையாது.

அண்மையில் விழுந்து நரம்பு நேரடியாக அடிபட்டிருந்தால் ஜி56 கூடாது. அது காய அத்தியாயத்தின் நரம்புக் கோட்டுக்குப் போகும்.

7. குவெரி எழுதும் முறை

வைத்தியரிடம் விளக்கம் கேட்பதைக் குவெரி என்கிறோம். இதில் கூச்சம் வேண்டாம். கேள்வியின் வடிவத்தில்தான் கவனம் வேண்டும்: விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது.

‘இது கியூபிடஸ் வேரஸ்தானே, உறுதி செய்யவும்’ என்பது பிழையான குவெரி. சரியானது இப்படி இருக்கும்: “இந்த நாளின் குறிப்பில் ‘இடது முழங்கைக் கோணல், தூக்குக் கோணம் மறை 15 பாகை’ என்றுள்ளது. நோயின் வகையைக் குறிப்பிட முடியுமா? வேரஸ், வல்கஸ், மடங்கிய கோணல், வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியாது.” சார்ட்டில் உள்ள சொற்களை அப்படியே எடுத்து எழுதுங்கள், தெரிவுகளைக் கொடுங்கள், கடைசி இரண்டு தெரிவுகளையும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தெரிவுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சு குவெரியில் இருக்கவே கூடாது.

ஒரு சொல்லுக்காக எச்சரிக்கை: ‘அழகுக்கான திருத்தம்’. வைத்தியர் இதை எழுதினால் காப்புறுதி மறுத்துவிட வாய்ப்பு அதிகம். அதை நீங்கள் நீக்கவும் முடியாது, வேறு சொல் எழுதச் சொல்லவும் முடியாது. வலி, அசைவெல்லையின் பாகைகள், மூட்டின் தளர்ச்சி, நரம்பின் நிலை, அன்றாட வேலையில் உள்ள தடை ஆகியவை பதிவு செய்யப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் முன்னனுமதி விண்ணப்பத்துடன் அந்தப் பக்கங்கள் போக வேண்டும்.

8. ஒரு மாதிரிச் சார்ட், முதலில் இருந்து கடைசி வரை

பயிற்சிக்காக அமைத்த குறிப்பு இது:

“ஆண், 9 வயது. 3 வருடங்களுக்கு முன் மரத்தில் இருந்து விழுந்து இடக்கையில் இடம் விலகிய சுப்ராகொண்டைலர் முறிவு, பிளாஸ்டர் போடப்பட்டது. முறிவு ஆறிவிட்டது. தற்போது முறிவின் பின்விளைவாக இடது கியூபிடஸ் வேரஸ், 18 பாகை. வலக்கை வல்கஸ் 10 பாகை, இயல்பு. உல்நார் நரம்பு இயல்பு. இரு முழங்கைகளும் இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே. திட்டம்: வெளிப்பக்கம் ஆப்பு வெட்டி மூடும் ஒஸ்டியோட்டமி, 28 பாகை.”

ஒஸ்டியோட்டமி என்பது எலும்பை வெட்டிக் கோணலைத் திருத்துவது. முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 18 பாகை உள்ளே சாய்ந்த கையை மற்றக் கையைப் போல 10 பாகை வெளியே கொண்டுவர வேண்டும், ஆகவே ஆப்பு 28 பாகை. இலக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. திட்டத்தில் 28க்குப் பதிலாக 8 என்று இருந்திருந்தால் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது. உங்கள் கோட் அதனால் மாறாது. ஆனாலும் அதைச் சுட்டிக்காட்டுங்கள், ஒரு பிள்ளையின் எலும்பு சம்பந்தப்பட்டது.

நோய்க் கோட்கள்: முதலில் எம்21.122, அடுத்து எஸ்42.412எஸ், அடுத்து டபிள்யூ14.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எஸ். வலக்கையின் 10 பாகை இயல்பு, அதற்குக் கோட் இல்லை. ‘வல்கஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் எம்21.021ஐச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சொல் ‘இயல்பு’ என்பதைப் படிக்காததால் வருவது அது. நரம்பும் இயல்பு, எனவே ஜி56 இல்லை.

சிகிச்சைக் கோட்கள்: இரண்டு கோண எக்ஸ்ரே 73070, இரண்டு பக்கத்துக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வலக்கையும் எடுக்கப்பட்டது என்ற காரணம் குறிப்பில் இருப்பது நல்லது. மேற்கை எலும்பின் ஒஸ்டியோட்டமி 24400, இடப்பக்கக் குறியுடன். உள்ளே கம்பியோ தகடோ வைத்தாலும் அதே கோட்தான். பொருத்தலுக்குத் தனியாகப் போடக் கூடாது. அருகிலேயே 24430 இருக்கிறது, பொருந்தாத அல்லது கோணலாகப் பொருந்திய மேற்கை முறிவைச் சீர்செய்வது. எது சரி என்பதைச் சத்திரசிகிச்சைக் குறிப்பின் உடலில் படித்துத் தீர்மானியுங்கள், தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரே இடத்துக்கு இரண்டையும் சேர்த்து அனுப்பாதீர்கள். வளரும் வயதில் வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தை நிறுத்தித் திருத்தினால் அது 24470.

உல்நார் நரம்பை விடுவித்தாலோ இடம் மாற்றினாலோ 64718. எலும்பை வெட்டும்போது நரம்பு அடிபடாமல் ஒதுக்கி வைத்ததற்கு இதைப் போடக் கூடாது. குறிப்பில் ‘நரம்பு பாதுகாக்கப்பட்டது’ என்று இருந்தால் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. உண்மையில் இடம் மாற்றியிருந்தாலும் இரண்டு கோட்களையும் சேர்த்து அனுப்பும் முன் எந்தக் கோட்களைச் சேர்த்து அனுப்பலாம் என்று சொல்லும் என்சிசிஐ இணைப்பு விதிகளில் அந்தச் சோடியைப் பாருங்கள். அந்தப் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை மாறும்.

24400க்கு 90 நாள் தொகுப்புக் காலம் உண்டு. அந்த நாட்களுக்குள் வரும் வழமையான பார்வைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, 99024 என்று பதிவுக்கு மட்டும் போடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முடிவெடுத்த பார்வைக்கு 57 என்ற குறியைச் சேர்ப்பது, அந்த முடிவு சத்திரசிகிச்சை நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ எடுக்கப்பட்டால் மட்டும். கோணல் திருத்துவது அவசரச் சிகிச்சை அல்ல, முடிவு வாரக்கணக்கில் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே இந்த வகைச் சார்ட்டில் 57ஐக் கண்டால் ஒருமுறை நின்று திகதிகளைப் பாருங்கள்.

9. இங்குள்ள வைத்தியசாலை ஆவணப் பிரிவில் இருப்பவர்களுக்கு

உங்கள் அடிப்படை ஆவணம் பிஎச்டி, அதாவது விடுதியில் நோயாளியின் விபரம் எழுதப்படும் பெட் ஹெட் டிக்கெட். டயக்னோசிஸ் கார்ட் நோயாளியுடன் வீட்டுக்குப் போய்விடும்; அதன் பிரதி கோவையில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். உள்நோயாளர் நோய், இறப்பு அறிக்கையான ஐஎம்எம்ஆருக்கு உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10. மேலே சொன்ன அதே பிள்ளை இங்கே அனுமதிக்கப்பட்டால் முதன்மை நோய் எம்21.1, இடக் குறி சேர்ப்பதானால் எம்21.12. துணைக் கோட்டாக டி92.1, கை முறிவின் எச்சம் (இந்த டி, டெட்டனஸின் முதல் எழுத்து). புறக்காரணம் ஒய்86. வீதி விபத்தில் மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் ஒய்85.0, தாக்குதலால் வந்ததென்றால் ஒய்87.1. வலம், இடம் இந்தக் கோட்டில் ஏறாது. அதற்காகப் பிஎச்டியில் அது எழுதப்படாமல் இருக்கலாம் என்று ஆகிவிடாது.

விடுதிக் குறிப்புகளின் சுருக்கெழுத்தில் முறிவுக்கு ‘#’ குறி போடுவார்கள். ‘பழைய #’ என்பதில் ‘பழைய’ என்பது கிறுக்கலாக இருந்து கண்ணில் படாமல் போனால், மூன்று வருடப் பழைய முறிவு எஸ்42.4 என்று புதிய முறிவாகக் கணக்கில் ஏறிவிடும். அனுமதித் திகதியையும் விபத்துத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஓபி என்றால் பிளாஸ்டர், ஆர்ஓஐ என்றால் உள்ளே வைத்த கம்பி, தகட்டை எடுத்தல். பிள்ளை கம்பி எடுப்பதற்காக மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டால் இசட்47.0. அதற்கும் எம்21.1ஐ முதன்மையாகப் போட்டால் ஒரே பிள்ளை இரண்டு கோணல் நோயாளியாக எண்ணப்படும்.

10. நேரமும் இரகசியமும்

அமெரிக்கக் கிழக்குப் பகுதி கோடையில் நம்மை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னே இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே காலை 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை 6.30 அல்லது 7.30. பகலில் வேலை செய்பவர்கள் குவெரிகளைப் பின்னேரம் 5 மணிக்கு முன் அனுப்பிவிட்டால் வைத்தியர் நாளைத் தொடங்கும்போது அது மேலே இருக்கும். பதில் மறுநாள் காலை உங்கள் திரையில் இருக்க வாய்ப்புண்டு. சனி காலை அனுப்பியதற்குத் திங்கள் பகலில் பதில் தேடாதீர்கள், அங்கே அப்போதுதான் ஞாயிறு முடிகிறது.

முதன்மையாக முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதியான மெடிகேர் கிளெய்முக்குச் சேவை நாளில் இருந்து ஒரு வருடம் அவகாசம். முழங்கைக் கோணல் சார்ட்டுகளில் பெரும்பகுதி பிள்ளைகளுடையது என்பதால் பணம் கட்டுவது பெரும்பாலும் தனியார் காப்புறுதி அல்லது குறைந்த வருமானமுள்ளோருக்கான அரச காப்புறுதியான மெடிகெய்ட். அவற்றின் கெடு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரு வருடத்தை விடக் குறுகியதாகவும் இருக்கும். குவெரிக்குப் பதில் வராத சார்ட்டுகளைத் தனிப் பட்டியலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கெடுத் திகதியை எழுதி, வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

சந்தேகமான சார்ட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்பது வேலையை மட்டும் பறிக்காது. நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளியின் தகவலை வெளியிட்டதாகும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயரை மறைத்துவிட்டேன் என்பது போதாது. திகதியும் எக்ஸ்ரே எண்ணும் ஆளைக் காட்டிவிடும். சந்தேகத்தைக் கேட்பதென்றால் மேலே கொடுத்தது போல உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு மாதிரிக் குறிப்பு எழுதிக் கேளுங்கள்.

குவெரிக்குப் பதில் வந்ததும் கோட்டை மாற்றி அனுப்பிவிடாதீர்கள். வைத்தியர் அந்தப் பதிலைச் சார்ட்டில் பின்சேர்க்கையாக எழுதி, அன்றைய திகதியும் கையொப்பமும் இட்டிருக்கிறாரா என்று பாருங்கள். மின்னஞ்சலில் ‘ஆம், வேரஸ்’ என்று வந்த பதில் மட்டும் கையில் இருந்தால் அந்தச் சார்ட் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.